உச்சந்தலையில் ஒரு சொட்டு

ஆடிச் சாரல் பிடித்துக்கொண்டால் அனுமந்தன்பட்டியில் துணி காயாது, விறகு எரியாது, திராட்சை போட்டவன் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மேற்கு மலையிலிருந்து காற்று கிளம்பி வந்து கொடிப் பந்தலைப் பிடித்து உலுக்கும். பின்னாலேயே பொடித் தூறல். பெரிய மழையாவது பெய்து தொலைத்துவிட்டு ஓயும். இது ஓயாது, நனைக்கவும் நனைக்காது. நாள் முழுக்க நசநசத்துக்கொண்டே இருந்து, பழுக்கிற சமயம் பார்த்துப் பழத்தை வெடிக்க வைத்துவிடும்.

வெடித்த பழத்தை அப்படியே விட்டால் குலையே அழுகும். ஆகவே சகாயராணி தினமும் விடிகிற நேரத்தில் பந்தலுக்கடியில் நின்று, கழுத்தை அண்ணாந்து, சின்னக் கத்தரியால் கெட்ட பழங்களை ஒவ்வொன்றாக நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கியபடியே செய்கிற வேலை. ஒரு வரிசை முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கும். கூலிக்கு ஆள் வைக்கலாமென்றால் ஆள் எங்கே இருக்கிறது? காலையில் ஜீப்பு ஜீப்பாக எல்லோரும் ஏலக்காய் எடுக்க மலையேறிவிடுகிறார்கள். இருந்த ஒரே ஆள் அவள் புருஷன். அவன் இப்போது கட்டிலில் கிடக்கிறான்.

சின்னப்பராஜுக்கு ஈஸ்டர் கழிந்து கொஞ்ச நாளில் வாதம் வந்தது. கொடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவன் பந்தல் கல்தூணைப் பிடித்தபடி உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு குழறியது, பழகியவர்களுக்குப் புரியும். பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மகன் வின்சென்ட் ஓசூரில் கம்பெனி வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவான், அழுவான், லீவு இல்லை என்பான். மற்றபடி எல்லாம் சகாயராணிதான். ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி அலசுவது, அப்புறம் பந்தல். இரவில் அவன் முனகினால் எழுந்திருப்பாள். முனகாவிட்டாலும், ஏன் முனகவில்லை என்று எழுந்திருப்பாள்.

மகன் கல்யாணத்துக்கென்று கட்டிய மாடி அறை சும்மா கிடந்தது. மருந்துச் செலவுக்காவது ஆகட்டுமென்று வாடகைக்கு விட்டாள். வந்தவர்கள் இரண்டு பையன்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, நெஞ்சில் கறுப்புப் பட்டையில் பேர், பேருக்கு முன்னால் 'எல்டர்' என்று ஊழியப் பட்டம். அவர்கள் முதல் நாள் தெருவுக்குள் நடந்து வந்தபோது, குழுக் கடன் வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாதி வீடு கதவைச் சாத்திக்கொண்டது. சாத்தாத ஒரே வீடு சகாயராணி வீடு. அவள் பந்தலில் இருந்தாள்.

அவர்கள் மார்மன் சபைக்காரர்கள். ஊழியம் செய்ய வந்திருந்தார்கள். உத்தமபாளையத்தில் ஒரு மாடி ஹாலில் பத்துப் பதினைந்து பேர் அந்தச் சபையில் கூடுவார்கள். இவர்கள் அவர்களுக்குத் துணை. பெரியவன் சுதாகர், ராஜமுந்திரிக்காரன். தமிழ்நாட்டுக்கு வந்து ஒரு வருஷமாகிவிட்டதால் தமிழைத் தெலுங்கு ராகத்தில் ஓட்டிவிடுவான். சின்னவன் யுகேந்திரன். மலேசியாவில் சுங்கைப் பட்டாணி என்று ஓர் ஊர், அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். இருபது வயது. வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பேசுவது தமிழ்தான், ஆனாலும் ரோட்டைச் சடக்கு என்பான், பேச்சு முடிகிற இடத்தில் ஒரு 'லா' போடுவான். காலையில் படியிறங்கும்போதே, "பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்பான். புருஷன் விழுந்த நாளிலிருந்து, அவள் சாப்பிட்டாளா என்று அவளிடம் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

சின்னப்பராஜின் அக்கா செலினுக்கு இந்தக் குடித்தனம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள். கோயில் காரியம் எதுவும் அவள் இல்லாமல் நடக்காது.

"வேத்துச் சபைக்காரப் பயலுகள மாடில ஏத்தி வச்சிருக்க. நாளைக்குப் பங்குச் சாமியாரு கேட்டாகன்னா என்னடி சொல்லுவ?"

"மாடியத்தான் விட்டுருக்கேன் மதினி. நானா போயி அவுககிட்ட ஞானஸ்நானத்துக்கு முங்கி எந்திரிச்சேன்?"

"இன்னைக்கு மாடி. நாளைக்கு?"

"நாளைக்குப் பழம் வெட்டணும்" என்றாள் சகாயராணி. அவளுக்கு அதற்குமேல் பேசத் தெம்பில்லை.

பையன்கள் தொந்தரவு இல்லாதவர்கள். ஒருத்தனை விட்டு ஒருத்தன் நகர மாட்டான். கடைக்குப் போனாலும் ஜோடிதான். டீ, காப்பி தொட மாட்டார்கள். அதற்கு அவள் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தாள், மோர்மிளகாயோடு குடித்துவிட்டு யுகேந்திரன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். வெளியே கிளம்பும் முன் இரண்டு பேருமாகச் சின்னப்பராஜைத் தூக்கி வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு அது ஒரு பெரிய பாரம் குறைந்த மாதிரி. யுகேந்திரனை அவள் மகன் கணக்கில் வைக்கத் தொடங்கியிருந்தாள். அவனுக்கும் ஏதோ சரியில்லை என்பது அவளுக்குத் தெரியும். விடிகிறதற்கு வெகுநேரம் முன்பே மாடியில் அவன் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிற சத்தம் கேட்கும். தூக்கமில்லாதவளுக்குத் தூக்கமில்லாதவனின் காலடி தெரியாதா?

அந்த வியாழக்கிழமை நடந்ததில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் அதில் உள்ள சிரமமே.

மத்தியானம் அவள் பந்தலிலிருந்து வந்து உலை வைத்திருந்தாள். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். யுகேந்திரன் கேட்டான்.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு ஒரு ஆசீர்வாதம் கொடுக்கட்டுமா? நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஜெபம் பண்ணுவோம். நல்லாயிருக்கும்."

"செபந்தான தம்பி? தாராளமாப் பண்ணுங்க. கேக்குறவரு ஒருத்தருதான. நான் ஒலையப் பாக்கப் போறேன்."

எண்ணெய் என்று அவன் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. சோறு வடிக்கப் போகிறேன் என்று சொல்கிறவள், தண்ணீரும் ஊற்றுவேன் என்று தனியாகச் சொல்வாளா? அவன் பிறந்து வளர்ந்த சபையில், நோயாளிக்கு ஜெபம் என்றால் உச்சந்தலையில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெயும் சேர்த்துத்தான். பரீட்சைக்கு முன் காய்ச்சல் வந்தால் பூசுவார்கள், ஆபரேஷனுக்குப் போகிறவனுக்குப் பூசுவார்கள், வண்டியிலிருந்து விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தாலும் பூசுவார்கள். சாவிக்கொத்திலேயே விரல் நுனி அளவு குப்பியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்த ஊர்க் கதை வேறு. இங்கே கத்தோலிக்க வீட்டுக்குள் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு நுழைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்குப் பேர் அவஸ்தை பூசுவது. அது நோயாளிக்குத் தெம்பு தருகிற தேவதிரவிய அனுமானம், ஞானஸ்நானம் மாதிரி ஒரு திருச்சடங்கு, பயப்படாமல் முன்கூட்டியே கூப்பிடுங்கள் என்று சாமியார்களும் பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். சனங்கள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆள் அனுப்புவார்கள். ஒரு கையால் சாமியாருக்குப் போன், மறு கையால் பெட்டி செய்கிறவனுக்குப் போன். சின்னப்பராஜின் அப்பனுக்கு அவஸ்தை பூசிவிட்டுச் சாமியாரின் பைக் தெருமுக்கைத் தாண்டவில்லை, உயிர் போய்விட்டது. பக்கத்திலிருந்து பார்த்தவன் சின்னப்பராஜ்.

சகாயராணி கரண்டியோடு எட்டிப் பார்த்தபோது இரண்டு பையன்களும் கட்டிலின் தலைமாட்டில் நின்று, அவன் தலைமேல் கைவைத்துக் கண்ணை மூடியிருந்தார்கள். சின்னப்பராஜின் கண் மட்டும் திறந்திருந்தது. உச்சியிலிருந்து நெற்றிக்கு இறங்கிய எண்ணெய் பளபளத்தது. அவன் நேராக அவளைப் பார்த்தான். வாசலில் செலின், கையில் கருவாட்டுக் குழம்புச் சட்டியோடு அசையாமல் நின்றிருந்தாள்.

"அடப் பாவிகளா, யாரக் கேட்டுடா எந்தம்பிக்கு அவஸ்தை பூசுனீக?"

பையன்கள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்கள். அவஸ்தை என்றால் கஷ்டம் என்றுதான் யுகேந்திரனுக்குத் தெரியும். "கஷ்டம் ஒண்ணும் படலை ஆன்ட்டி, ஜெபம் மட்டும்தான்லா..." என்றான். அதற்குள் செலின் தெருவுக்கு இறங்கிவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டை சின்னப்பராஜ் தொடவில்லை. மறுநாள் காலைக் கஞ்சியும் அப்படித்தான். அவள் கரண்டியை உதட்டில் வைத்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

"ஏங்க, வாயத் தொறங்க. கஞ்சிதான்."

"என்னத்துக்கு?"

"என்ன கேள்வி இது? பசிக்கலயா?"

"போறவனுக்கு... என்னத்துக்குக் கஞ்சி" என்றான் குழறலாக. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து வெளியே போட வேண்டியிருந்தது. "டாக்டரு ஒங்கிட்டச் சொல்லிட்டாரு. எங்கிட்ட மறைக்கிற."

"எந்த டாக்டரு? என்ன சொன்னாரு? தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணவா? அந்தப் பிள்ளைக செபம்னுதான் கேட்டுச்சுக. எண்ணெயின்னு எனக்குத் தெரியாது."

"சாமியாரக் கூப்புட்டா ஊரு கூடிரும்னு... அந்தப் பயலுகள வச்சுப் பூசிட்ட. என்னையக் கையக் கழுவிட்ட ராணி."

இல்லவே இல்லை என்று அவள் கத்தியிருக்க வேண்டும். கத்தத்தான் வாயைத் திறந்தாள். சத்தம் பாதியில் உள்ளே போய்விட்டது. காரணம் இருந்தது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, ஒரே பகலில் மறுபடி மறுபடி அவன் துணியை மாற்றி, கடைசித் தடவை படுக்கையை உருவும்போது, 'இன்னைக்கு முடிஞ்சுருச்சுன்னா நாளைக்குத் தூங்கலாம்' என்று ஒரு நினைப்பு அவளுக்குள் வந்து போனது. வந்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் வந்தது வந்ததுதானே. இப்போது புருஷன் முகத்தைப் பார்த்து மறுக்கும்போது, அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்குக் குறுக்கே வந்து நின்றது. அவள் தடுமாறியதை அவன் பார்த்தான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

சனிக்கிழமை காலையிலும் அவள் பந்தலுக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது? பக்கத்துப் பந்தல்காரர் ஒச்சாண்டி வரப்பில் நின்று கூப்பிட்டார்.

"ஏத்தா, சின்னப்பராஜுக்கு ரொம்ப முடியலயாமே. நீ இங்கன நிக்கிற?"

"அங்கன நின்னா மட்டும் திங்கவா போறாரு அண்ணே? தண்ணியக்கூட நாக்குல தடவத்தான் விடுறாரு."

"திங்கலேன்னா தாங்க மாட்டான்த்தா. மொதல்லயே ஒடம்புல ஒண்ணுமில்ல."

"தெரியுது."

"அந்தப் பொடிப் பயலுக ஏதோ பூசிப்பிட்டாய்ங்கன்னு ஊரே பேசுது. சப்புன்னு ஒரு அறை விட்டு அனுப்புறத விட்டுட்டு..."

"அதுக நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சதுகண்ணே. யார அறைய?" என்றாள். நறுக்கிய பழம் ஒன்று அவள் கன்னத்தில் விழுந்து ஒழுகியது. துடைக்கக்கூடக் கை வரவில்லை.

வீடு திரும்பியபோது வாசலில் செருப்புகள். செலின் போன் போட்டுவிட்டிருந்தாள். 'சின்னப்பராஜு இழுத்துக்கிட்டுக் கெடக்கான், கடைசியா முகமுழி பாக்குறவக வந்துருங்க.' பெரியகுளம் பக்கம் ஜெயமங்கலத்திலிருந்து சித்தப்பன் வீட்டார் வந்திருந்தார்கள், போடியிலிருந்து வந்திருந்தார்கள். பொம்பளைகள் ஜெபமாலையும் கையுமாகக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, நல்ல மரணத்துக்கான செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் சாகிறவர்களுக்குப் பாதுகாவலரான சூசையப்பர் படம் வந்து சேர்ந்திருந்தது. சாகப்போகிறவனைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பசி அதிகம். சகாயராணி ஈரச் சேலையோடு அடுப்படிக்குள் நுழைந்து இட்லி அவித்தாள், டீ போட்டாள், மறுபடி டீ போட்டாள்.

செலின் அடுப்படிக்கு வந்தாள்.

"ராணி, சாமியாருக்குச் சொல்லிட்டேன். அந்தப் பயலுக பூசுனது செல்லாது. சாயங்காலப் பூசை முடிச்சு வாராக. மொறப்படி நம்ம அவஸ்தை பூசிருவம். அவன் ஆத்துமமாச்சும் கரையேறட்டும்."

"மதினி, வேணாம்" என்றாள் சகாயராணி. "ஒரு எண்ணெக்கே அந்தாளு வாய மூடிட்டாரு. சாமியாரே சிமிழோட வந்து நின்னாகன்னா, அத்தோட கண்ணையும் மூடிருவாரு. வரவேணாம்னு சொல்லுங்க."

"சாமியாரையா வரவேணாங்குற? நாளைக்குக் கல்லறைல எடங் கேட்டு நிக்கணும்டி."

"அவரு இன்னும் உசுரோட இருக்காரு மதினி!"

செலினின் முகம் சுருங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எந்தம்பி எனக்கு வேணாமா? அவஸ்தை இல்லாம அவன் போயிட்டான்னா நான் எப்புடித் தூங்குவேன்?" என்றாள். அவளைக் கோபித்தும் பயனில்லை. இருபது வயதில், அவஸ்தை பூசின கையோடு அப்பன் நிம்மதியாகப் போனதைப் பார்த்தவள், அவள் பயம் அவளுக்கு.

சகாயராணி பின்பக்கமாகப் போய் மாடிப்படியின் அடியில் நின்றாள். தனியாக ஒரு பொம்பளை மேலே வந்தால் அந்தப் பையன்கள் வெளியே வந்து நின்றுகொள்வார்கள், அது அவர்கள் சட்டம். ஆகவே கீழே நின்றே கூப்பிட்டாள். இருவரும் இறங்கி வந்தார்கள். இரண்டு நாளாகத் தெருவே அவர்களை முறைத்ததில் யுகேந்திரன் முகம் சுண்டிப் போயிருந்தது.

"தம்பி, அன்னைக்குப் பூசுனீகளே, அது என்னத்துக்கு உள்ள எண்ணெ?"

"சுகமாகறதுக்கு ஆன்ட்டி."

"எங்க ஊருல அது சாகுறதுக்கு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாமனார் கதை, உதட்டை மூடிக்கொண்டது, கூடத்தில் செபம், சாமியார் வரப்போவது. சொல்லச் சொல்ல அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் கேட்டிருக்கணும் ஆன்ட்டி. எண்ணெய்னு சொல்லிக் கேட்டிருக்கணும்."

"நானும் கேட்டுருக்கணும். அலுப்பு. யாரு என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிட்டுப் போயிருவேன் இப்பல்லாம்."

"அங்கிள்கிட்ட நான் சொல்றேன். இது வேறன்னு."

"நான் சொல்லிப் பாத்துட்டேன். பேச்ச நம்புற நெலமையில அவரு இல்ல தம்பி."

யுகேந்திரன் எண்ணெய்க் குப்பி தொங்கிய சாவிக்கொத்தை வெளியே எடுத்தான். பிறகு அதைச் சுதாகரிடம் நீட்டினான். "எல்டர், எனக்குப் பூசுங்க. அங்கிள் முன்னாடி."

சுதாகர் கையை இழுத்துக்கொண்டான். "அலா... அப்படிச் செய்யக்கூடாது. இது வேடிக்க காட்டறதுக்கு இல்ல. பரிசுத்தமான காரியம்."

"வேடிக்கைக்கு இல்ல. நெசமாவே எனக்கு வேணும்" என்றான் யுகேந்திரன். குரல் உடைந்தது. "வந்ததுலேர்ந்து தூங்கலை. தெனம் காலையில பெட்டியக் கட்டிறலாமான்னு எடுத்து வச்சுட்டுத் திரும்பப் பிரிக்கிறேன். அம்மா போன்ல கேட்டா நல்லாருக்கேன்னு பொய் சொல்றேன். இங்க வந்து நான் பண்ணுன ஒரே காரியம் ஒரு மனுஷனைச் சாகவிட்டதுதான். எனக்கில்லாம வேற யாருக்கு எல்டர் பூசப் போறீங்க?"

சுதாகர் அவனையே பார்த்தான். எத்தனை நாளாக அந்த விடியற்கால நடையைக் கேட்டும் கேட்காதவன் போலப் படுத்திருந்தானோ, அந்த வெட்கம் முகத்தில் தெரிந்தது. சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டான்.

அவர்கள் கூடத்துக்குள் நுழைந்ததும் செபம் நின்றது. செலின் எழுந்தாள்.

"இன்னுமாடா? பூசுனது பத்தாதா?"

"அங்கிளுக்கு இல்ல ஆன்ட்டி. எனக்கு."

சகாயராணி நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில், சுவரோரமாகப் போட்டாள். சின்னப்பராஜ் திரும்பிப் படுத்திருந்த முகத்துக்கு நேராக. யுகேந்திரன் உட்கார்ந்து டையைத் தளர்த்தித் தலையைக் குனிந்தான். சுதாகர் குப்பியைத் திறந்தான்.

சின்னப்பராஜின் கண் அந்தக் குப்பியைப் பின்தொடர்ந்தது. அது பையனின் தலைக்குமேல் சாய்வதைப் பார்த்ததும், இரண்டு நாளாக ஆடாத அந்த உடம்பு ஆடியது.

"ஏலே... ஏலே, வேணாம்லே!"

சொட்டு விழுந்துவிட்டது.

"பூசாதடா! சின்னப் பய... அவன் ஆத்தா அங்கன... ஏ ராணி, பாத்துக்கிட்டு நிக்கிறியே, தடுடி!" இடது கையை நீட்டி யுகேந்திரனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். எட்டிப் பிடித்ததில் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே வந்துவிட்டது. ஜெயமங்கலத்துச் சித்தி ஓடிவந்து தாங்கினாள். சுதாகர் கையை எடுக்காமல் ஜெபத்தைச் சொல்லி முடித்தான். இந்தத் தம்பிக்குத் தூக்கத்தையும் மனத்தெம்பையும் தாரும் என்று தெலுங்கு ராகத்தில் கேட்டான். அவனுக்குமே கண் கலங்கியிருந்தது. யுகேந்திரன் தேம்பினான். சட்டையைப் பிடித்த கை விடவேயில்லை.

ஆமென் சொன்னதும் பையன் நிமிர்ந்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அங்கிள், நான் சாகலை."

சின்னப்பராஜ் மூச்சு வாங்க அவனையே பார்த்தான்.

"இந்த எண்ணெய் எனக்குச் சின்ன வயசுலேர்ந்து எத்தனையோ தடவை பூசியிருக்காங்க. அம்மைக்குப் பூசுனாங்க. ப்ளேன் ஏர்றதுக்கு முன்னாடி பூசுனாங்க. உங்களுக்கு எழுந்திரிக்கத்தான் பூசுனேன்."

"எந்திரிப்பனா?"

பையன் பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். "அது எனக்குத் தெரியாது அங்கிள்" என்றான். "ஆனா போறதுக்குப் பூசலை. உங்களப் போகச் சொல்லி ஆன்ட்டி கேக்கவுமில்ல. சத்தியமா."

சின்னப்பராஜ் மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைத் தேடினான்.

"கேக்கலயா நீ?"

இப்போது ஆமாம், கேட்கவில்லை என்று சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அவள் அலுத்துப்போய்விட்டாள், மறைப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எண்ணெயக் கேக்கலங்க. ஆனா செவ்வாக்கெழம, ஒங்க துணியக் கடைசியா மாத்தயில, இத்தோட முடிஞ்சா நாளைக்குத் தூங்கலாம்னு நெனச்சேன். ஒரு நிமிசந்தான். நெனச்சேன். அதான் நீங்க கேட்டப்ப வாயி வரல." அவள் அழவில்லை. "கையக் கழுவலங்க. கை ஓஞ்சு போச்சு. அம்புட்டுத்தான்."

செலின் நெஞ்சில் கைவைத்தாள். சொந்தக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சின்னப்பராஜ் மட்டும் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது.

"இம்புட்டு நாளா... தூங்கலயா?" என்று கேட்டான்.

"எங்கிட்டுத் தூங்க?"

அவன் இடது கையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "கஞ்சி இருக்கா?" என்றான்.

சித்தி எழுந்தோடிப்போய்க் கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்தாள். சகாயராணி ஊட்ட எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "வைங்க, வாரேன், செத்த நேரம்" என்றாள். கிண்ணத்தைக் கட்டிலில் வைக்கிற சத்தம் கேட்டது. பையன்கள் அவனைத் தூக்கித் தலையணை வைத்து உட்கார வைக்கிற சத்தம். யாரோ ஊட்ட வந்ததும், 'இங்கிட்டுக் கொடு' என்று அவன் இடது கையில் கரண்டியை வாங்கிக்கொண்டது போல இருந்தது. சட்டையில் வழியக் கொட்டுவான், நாளைக்கு அதையும் அலச வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் தலை சரிந்துவிட்டது.

தூக்கத்துக்குள் எங்கோ தொலைவில் பைக் வந்து நின்றது. செலின் மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பொம்பளைகள் எல்லோரும் சடசடவென்று முட்டிபோட்டு, 'சர்வேசுரனுடைய மாதாவே' என்று உரக்க ஆரம்பித்தார்கள். எழுந்திருக்க வேண்டும், சாமியாருக்கு நாற்காலி போட வேண்டும், டீ வைக்க வேண்டும் என்று சகாயராணிக்குப் பட்டது. இமையைப் பிரிக்க முடியவில்லை.

கரண்டி கிண்ணத்தில் டங்கென்று விழுந்தது. அதற்குமேல் அவள் புருஷனின் குரல், குழறலாக, ஆனால் பழைய அதட்டலோடு கேட்டது.

"ஏ, சும்மா இருங்க எல்லாரும். சாமி, சிமிழ உள்ள வைங்க, மெதுவா வாங்க. அவ தூங்குறா."